வீடு மாறும் மென்பொருள்

பணியிட மாற்றம் பெற்ற குடும்பம் ஒன்று ஊர் மாறுகிறது. கட்டிலும் பாத்திரங்களும் புத்தகப் பெட்டிகளும் லாரியில் ஏறிவிடுகின்றன. எரிவாயு இணைப்பும் வங்கிக் கணக்கும் பழைய முகவரியிலேயே நிற்கின்றன. அவற்றையும் முறைப்படி மாற்றிய பின்னரே குடிபெயர்தல் நிறைவுறும். கணினியில் நிறுவிய மென்பொருளை ஒரு டிரைவிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றுவதும் இத்தகையதே.

விண்டோஸ் கணினியில் முதன்மை வன்தட்டு 'சி' என்னும் எழுத்தால் குறிக்கப்படுகிறது. 'ஏ', 'பி' ஆகியவை முன்பு நெகிழ்வட்டுகளுக்கு உரியனவாக இருந்தன. 1983ஆம் ஆண்டு வெளிவந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி கணினியின் வன்தட்டு 10 மெகாபைட் கொள்ளளவே உடையது. இன்றோ ஒரு மென்பொருளே பல ஜிகாபைட் இடத்தைக் கொள்கிறது. அதனால் 'சி' விரைவில் நிரம்பிவிடுகிறது. அருகிலுள்ள 'டி' வெறுமையாய்க் கிடக்கிறது.

அப்போது சிலர் மென்பொருளின் கோப்புறையை வெட்டி 'டி'யில் ஒட்டிவிடுகின்றனர். பின்னர் அதன் படவுருவைச் சொடுக்கினால் மென்பொருள் திறப்பதில்லை. காரணம் என்ன? மென்பொருளின் உறுப்புகள் பல இடங்களில் பரவியுள்ளன. முதன்மைக் கோப்புகள் 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையில் உள்ளன. பயனரின் விருப்ப அமைப்புகள் மறைந்திருக்கும் வேறொரு கோப்புறையில் உள்ளன. எது எங்கே உள்ளது என்னும் குறிப்பு 'ரெஜிஸ்ட்ரி' என்னும் பதிவேட்டில் உள்ளது. கோப்புறை இடம்பெயர்ந்தாலும் பதிவேடு பழைய முகவரியையே காட்டும்.

முறையான வழிகள் மூன்று. முதலாவது, விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் அமைப்புகள் பகுதியில் சில செயலிகளுக்கு 'மூவ்' என்னும் பொத்தான் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியே பெற்ற செயலிகளுக்கே இது பெரும்பாலும் பொருந்தும். இரண்டாவது, மென்பொருளை முறைப்படி நீக்கிவிட்டு, மீண்டும் நிறுவும்போது 'டி'யைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்குமுன் உரிமக் குறியீட்டைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். மூன்றாவது, வன்தட்டு முழுவதையும் பெரிய புதிய தட்டிற்கு அப்படியே நகலெடுத்து, அதனைப் பழையதன் இடத்தில் பொருத்தலாம். புதிய தட்டும் 'சி' என்றே இயங்குவதால் முகவரிகள் மாறா.

நீக்கிய மென்பொருளை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். ஓராண்டு உழைத்து எழுதிய செயல்திட்டக் கட்டுரை அழிந்துபோனால் அதனை எங்கும் தரவிறக்க இயலாது. ஆகவே, எவ்வழியை மேற்கொண்டாலும் சொந்தக் கோப்புகளைப் படியெடுத்து, கணினிக்கு வெளியே ஓரிடத்தில் வைத்தலே முதற்பணியாகும்.

சொற்பொருள்

நிறுவுதல் – மென்பொருளைக் கணினியில் பயன்பாட்டிற்கு அமைத்தல்
கோப்புறை – கோப்புகளை வைக்கும் இடம்
படவுரு – மென்பொருளைக் குறிக்கும் சிறு படம்
கொள்ளளவு – ஒன்று கொள்ளக்கூடிய அளவு

விடையளிக்க

1. கோப்புறையை மட்டும் இடம் மாற்றினால் மென்பொருள் திறவாதது ஏன்?
2. மென்பொருளை இடம் மாற்றும் மூன்று வழிகளை எழுதுக.
3. 'மாறா' என்பதை எதிர்மறை வினைமுற்றாகக் கொண்டு ஒரு தொடர் அமைக்க.
4. வீடு மாறியபோது முகவரி மாற்ற வேண்டியிருந்தவற்றை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டுப் பட்டியலிடுக.