பட்டியலில் பெயரில்லாத கூலி

ஒரு தொழிலாளிக்கு இதற்குக் கீழே கூலி கொடுக்கக் கூடாது என்று அரசு விதிக்கும் வரம்பே குறைந்தபட்ச ஊதியம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வரம்பை எல்லா உழைப்பாளிகளுக்கும் பொதுவாக வகுக்காமல், தன் அட்டவணையில் இடம்பெற்ற தொழில்களுக்கு மட்டுமே வகுத்தது. பட்டியலை நீட்டும் அதிகாரம் மாநில அரசுக்கு இருந்ததென்றாலும், மாநிலம் முழுவதிலும் ஆயிரம் பேருக்குக் குறைவானோர் செய்யும் தொழிலுக்கு ஊதியம் நிர்ணயிக்காமலே விட்டுவிடவும் அதே சட்டம் இடம் தந்தது. தமிழ்நாட்டில் வீட்டுவேலை 2007இல்தான் அட்டவணையில் ஏறியது. ஊதிய விகிதமோ 2018இல்தான் அறிவிக்கப்பட்டது. பாத்திரம் தேய்த்தும் துணி துவைத்தும் பிழைக்கும் பெண்களை, பட்டியலில் சேர்த்த பிறகும் இத்தனை ஆண்டுகள் காக்க வைத்ததற்கு நியாயம் கற்பிக்க முடியாது.

2019இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டம் அந்த அட்டவணையையே நீக்கி, எந்தத் தொழிலானாலும் உரிய அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு என்றும், அதுவும் மத்திய அரசு நிர்ணயிக்கும் அடித்தள ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது என்றும் விதித்தது. ஆயினும் வேலை கொடுப்பவர் ஒருவர் இருந்தால்தான் இவ்வுரிமை பிறக்கும். மாமல்லபுரத்தில் சொந்தப் பட்டறையில் ஆர்டருக்குச் சிலை செதுக்குபவருக்கும், கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவக் குப்பங்களில் டீசல் செலவு கழித்து, படகுக்கும் வலைக்கும் உரிய பங்கு போக மிஞ்சியதைப் பிரித்துக்கொள்பவர்களுக்கும் ஊதிய வரம்பு எட்டாது. மீன்பாடு இல்லாத நாளில் அவர்களுக்கு வருமானமும் இல்லை.

செங்கல்பட்டு மாவட்டத்துச் சூளைகளின் சிக்கல் வேறு. செங்கல் தொழில் பழைய அட்டவணையிலேயே இருந்தது. ஆனால் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசி, முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு வேலைக்கு வைக்கும்போது, கணவன் மண் குழைக்க, மனைவி கல் அறுக்க, கணக்கு நோட்டில் ஏறுவது பெரும்பாலும் ஒரே பெயர்தான். மழையில் பச்சைக் கல் கரைந்துவிட்டால் அந்த உழைப்பு கணக்கிலேயே வராது. துண்டுக் கூலி, அதாவது செய்து முடித்த அளவுக்குத் தரப்படும் கூலி, நாள் கணக்கில் குறைந்தபட்ச ஊதியம் மட்டும் நிர்ணயிக்கப்பட்ட வேலையில் அந்த நாள் ஊதியத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அதற்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று, ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது.

குறைகூலிக்கு எதிராக மனுச் செய்யப் பழைய சட்டம் ஆறு மாதமே தந்தது. புதிய சட்டம் மூன்று ஆண்டு தருகிறது. உரிய கூலியைக் கொடுத்துவிட்டதாக மெய்ப்பிக்கும் பொறுப்பும் இப்போது முதலாளியுடையது. நோட்டில் பெயரே ஏறாத மனைவியின் உழைப்புக்கும் அவரே கணக்குக் காட்டியாக வேண்டும்.