காருக்கு ஆயில் மாற்ற ஒரு மணி நேரம்... பழைய ஆயிலை என்ன செய்வது?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே, மலையடிவாரம் வரை மாந்தோப்பும் தென்னந்தோப்பும் விரிந்து கிடக்கின்றன. மாட்டுவண்டி நின்ற தோப்பு வீட்டு வாசல்களில் இப்போது செகண்ட் ஹேண்ட் கார்கள் நிற்கின்றன. ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீட்டுக்கும் அந்த ஒரு வண்டிதான். பம்ப்செட் மோட்டாரைக் கழற்றி மாட்டத் தெரிந்த, டிராக்டருக்குத் தானே ஆயில் மாற்றுகிற விவசாயிக்கு, காருக்கும் வீட்டிலேயே மாற்றினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. தாராளமாக மாற்றலாம். ஆனால், காருக்கு அடியில் படுப்பதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை வேண்டும். கீழே இறங்கும் மூன்று லிட்டர் கறுப்பு ஆயிலை என்ன செய்யப் போகிறீர்கள்?

வாங்கும்போதே கவனம்

காருடன் வந்த கையேட்டில் ஆயிலின் தரம், அளவு, மாற்ற வேண்டிய காலம் மூன்றும் இருக்கும். பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, இதில் எது முதலில் வருகிறதோ அது கணக்கு. புழுதிப் பாதையிலேயே அதிகம் ஓடும் வண்டிக்குச் சற்று முன்பே மாற்றுவது நல்லது. சிறிய பெட்ரோல் கார்களுக்கு மூன்று லிட்டருக்கு முன்பின் பிடிக்கும். ஆயிலோடு புது ஃபில்டரும், டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷரும் வாங்கிவிட வேண்டும். வாரன்டி இன்னும் முடியாத கார் என்றால், வீட்டில் கை வைக்காமல் கம்பெனி சர்வீஸுக்கே விடுவதுதான் பாதுகாப்பு.

ஜாக்கியை நம்பாதீர்கள்

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது. ஹாலோ பிளாக்கையும் செங்கல்லையும் முட்டுக் கொடுப்பது அதைவிட ஆபத்து. அவை திடீரென நொறுங்கிவிடும். இரண்டு ஜாக்கி ஸ்டாண்டுகள் கட்டாயம் வேண்டும்.

இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, பத்து நிமிடம் பொறுத்தால் ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும். அப்போதுதான் அடியில் தங்கிய அழுக்கோடு முழுமையாக இறங்கும். கொதிக்கும் ஆயில் கையைப் பொசுக்கிவிடும்.

இறக்குவதும் ஊற்றுவதும்

இன்ஜின் ஆயில் இறங்கும் போல்ட்டைப் போலவே கியர் பாக்ஸுக்கும் ஒரு போல்ட் இருக்கும். முதன்முறை மாற்றுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். கையேட்டுப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஸ்பேனரை வைக்க வேண்டும். அகலமான தட்டைக் கீழே வைத்து, மேலே ஆயில் மூடியைத் திறந்துவிட்டு, போல்ட்டைக் கழற்ற வேண்டும்.

சொட்டு நின்றதும் புது வாஷரோடு போல்ட்டை முதலில் கையாலேயே திருக வேண்டும். பல கார்களில் ஆயில் சம்ப் அலுமினியம். பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் மரை போய்விடும். பிறகு செலவு இரட்டிப்பு.

பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று பாருங்கள். அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புது ஃபில்டரை மாட்டினால் ஆயில் பீறிட்டு வெளியேறும். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் இறுக்கினால் போதும்.

சொன்ன அளவைவிடக் கொஞ்சம் குறைத்து ஊற்றி, டிப் ஸ்டிக்கில் பார்த்துக்கொண்டே கூட்ட வேண்டும். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் சிவப்பு ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, அடியில் கசிவு பார்த்து, நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து அளவை மறுபடி சரிபார்த்தால் வேலை முடிந்தது. தேதியையும் கிலோமீட்டரையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

கிணறும் மாடும்

இனி அந்தப் பழைய ஆயில். வாய்க்கால் ஓரம் கொட்டுவதும், கரையானுக்கென்று வேலிக்கம்பிலும் தொழுவக் கட்டையிலும் பூசுவதும் கிராமங்களில் வழக்கம். எரிந்த மிச்சமும் உலோகத் துகளும் கலந்த நஞ்சு அது. மாடு கட்டையை நக்கும். இது பால்கோவா ஊர். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த இனிப்புக்குப் பால்தான் உயிர்.

தண்ணீருக்கு இன்னும் கேடு. ஒரு முறை மாற்றும் ஆயில் பத்து லட்சம் காலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்க வல்லது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. மலையில் பெய்யும் மழைதான் இந்த அடிவாரத்துக் கண்மாய்களையும் கிணறுகளையும் நிரப்புகிறது. தோப்பில் கொட்டியது மழையோடு இறங்கி, கடைசியில் வருவது நம் வீட்டுக் குடத்துக்குத்தான்.

எரிப்பதும் கூடாது, புகையும் நஞ்சே. 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் அடங்கும். அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை ஆயில் நிறுவனங்கள் மீது சுமத்தும் திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

வழி எளிது. புது ஆயில் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி மூடி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், தண்ணீர் எதுவும் கலக்கக் கூடாது. கலந்தால் மறுசுழற்சிக்கு ஆகாது. ஃபில்டரை ஓர் இரவு கவிழ்த்து வடித்துக்கொள்ளுங்கள். டவுனுக்குப் போகும்போது, பழைய ஆயிலைப் பேரலில் சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுக்கும் சர்வீஸ் சென்டரில் இரண்டையும் ஒப்படைக்கலாம். வாங்கிக்கொள்வார்களா என்று ஆயில் வாங்கும் அன்றே கேட்டுவிடுங்கள். தரையில் சிந்தியதைத் தென்னை நார்க்கழிவு போட்டு உறிஞ்சவிடலாம். அதை எருக்குழியில் மட்டும் சேர்க்கக் கூடாது. தனிப் பையில் கட்டி, கேனோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும்.

அடிக்கடி எழும் இரண்டு கேள்விகள்

டிராக்டருக்கு வாங்கிய ஆயில் மீதி இருக்கிறது. காருக்கு ஊற்றலாமா?

கூடாது. டிராக்டர்களுக்குப் பெரும்பாலும் 15டபிள்யூ-40 ரக டீசல் இன்ஜின் ஆயில். இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்தான் வேண்டும். கெட்டியானதை ஊற்றினால் மைலேஜ் குறையும். புகை வடிகட்டி உள்ள பிஎஸ்-6 டீசல் காரில் பொருந்தாத ஆயிலின் சாம்பல் அந்த வடிகட்டியையே அடைத்துவிடும்.

மாற்றிய சில நாள்களிலேயே ஆயில் கறுத்துவிட்டது. கலப்படமா?

டீசல் காரில் இது சகஜம். இன்ஜினில் படியும் கரியைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்வதும் ஆயிலின் வேலைதான். நிறத்தைப் பார்க்காமல், நோட்டில் எழுதிய கிலோமீட்டரையும் டிப் ஸ்டிக் அளவையும் பாருங்கள்.