சூரியனுக்கு இட்ட வெண்திரை

நண்பகல் வெயிலிலே முற்றத்தில் நின்று எடுத்த புகைப்படம் ஒன்றைப் பாருங்கள். நெற்றியும் மூக்கும் வெளிறிக் கிடக்கும். கண்கள் இருக்குமிடத்தில் இரு கருங்குழிகள் தோன்றும். மூக்கின் நிழல் மேலுதட்டின்மீது மீசைபோல் விழுந்திருக்கும். அதே மனிதர், அதே வேளையில், வெள்ளை கட்டிய பந்தரின் கீழ் நின்று எடுத்த படத்தையும் பாருங்கள். முகம் தெளிந்து, கண்களில் ஒளி நிறைந்து, உள்ளத்து உணர்ச்சியும் புலப்படும். சூரியன் ஒன்றே, இடையில் வந்தது ஒரு துணி மாத்திரமே. அத்துணி செய்யும் விந்தை யாது?

வெயிலின் கடுமைக்கு அதன் பிரகாசம் மட்டும் காரணமன்று. சூரியனின் விட்டம் ஏறக்குறைய 14 இலட்சம் கிலோமீற்றர். ஆயினும், அது 15 கோடி கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பதனால் அரைப் பாகை அகலமுள்ள சிறு வட்டமாகவே நமக்குத் தோன்றுகின்றது. சிறு வட்டத்திலிருந்து வரும் ஒளி ஒரே திசையாகப் பாய்வதால், நிழலின் விளிம்பு கத்தியால் அரிந்தது போல் அமைகின்றது. 12 அடிச் சதுரமான வெண்துணியைத் தலைக்கு 12 அடி மேலே விரித்தால், வெயில் அதன் இழைகளிற் பட்டுச் சிதறும். துணி முழுவதுமே விளக்காகிவிடும். கீழே நிற்பவருக்கு அவ்விளக்கின் அகலம் 50 பாகைக்கு மேல். சூரிய வட்டத்தைப் போல் ஏறக்குறைய 100 மடங்கு. ஒளி பல திசைகளிலிருந்தும் வந்து நிழலை நிரப்ப, அதன் விளிம்பு கரைந்துவிடுகின்றது.

திரைப்படக் கலைஞர் இவ்வுண்மையை விரைவிலேயே அறிந்துகொண்டனர். 1893 இல் எடிசன் நியூ ஜேர்சியிலே அமைத்த படப்பிடிப்புக் கூடம், கூரை திறந்து, தண்டவாளத்தின்மேற் சுழன்று, சூரியனைப் பின்தொடர்ந்தது. ஒளியைத் தேடிப் பிடிப்பதே அன்றைய கவலை. 1897 இல் பாரிஸ் நகரின் அருகே மொந்த்ரேயில் ஜோர்ஜ் மெலியே கட்டிய கண்ணாடிக் கூடத்திலோ, ஒளியை அடக்கும் முயற்சியும் தொடங்கியது. கண்ணாடிகளுட் பெரும்பாலானவை மங்கலானவை; வெயில் ஏறும்போது மூடுவதற்குத் துணி பூட்டிய சட்டங்களும் இருந்தன.

1911 இல் ஹொலிவூட்டிலே முதலாவது படப்பிடிப்பு நிலையம் தோன்றியது. அக்காலத்து மேடைகள் பல கூரையற்றவை. அவற்றின் மேலே கம்பிகளிற் கோத்த மஸ்லின் துணிகளை வேண்டியவாறு இழுத்து, வெயிலைத் தணித்தனர். வீட்டின் உள்ளே நிகழும் காட்சிகளும் அத்துணிகளின் கீழேயே படமாயின. அதனாலேயே, அக்காலப் படங்கள் சிலவற்றில், மூடிய அறையினுள்ளே மேசை விரிப்புக் காற்றில் ஆடுவதைக் காண்கின்றோம்!

1920களின் பிற்பகுதியிற் பேசும்படம் வந்ததும், ஒலிப்பதிவின் பொருட்டு மேடைகள் நான்கு புறமும் அடைக்கப்பட்டன. மின்விளக்குகளே ஆட்சி செய்தன. எனினும், திறந்தவெளிப் படப்பிடிப்பில் துணி நிலைத்துவிட்டது. இன்று 20 அடிச் சதுரத் துணிகளும் சட்டங்களிற் பூட்டி உயர்த்தப்படுகின்றன.

ஆனால், இந்நன்மை விலையின்றிக் கிடைப்பதன்று. துணியின் தடிப்புக்கேற்ப வெயிலிற் பாதியோ, அதனினும் கூடுதலோ குறையும். முகத்துக்கு ஏற்றவாறு கமராவைத் திருத்தினால், துணிக்கு வெளியே வெயிலிற் கிடக்கும் பின்னணி வெண்மையாய் வெளிறிவிடும். ஆகையால், தேர்ந்த ஒளிப்பதிவாளர் மெல்லிய துணியைத் தெரிவர். அல்லது மரச் செறிவையோ, நிழல் வீழ்ந்த சுவரையோ பின்னணியாகக் கொள்வர். சூரியனின் இடமும் மணிக்கு 15 பாகை வீதம் மாறுவதால், துணியின் நிழலும் நகர்ந்துகொண்டேயிருக்கும்.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது காற்று. 20 அடிச் சதுரத் துணி என்பது 400 சதுர அடிப் பாய்மரமாகும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகக் காற்று அதனை நேராக மோதின், 250 கிலோகிராமுக்கு மேற்பட்ட சுமை கயிறுகளை இழுக்கும். அதன் கீழே நடிகர் நிற்கின்றனர். மூலைக் கயிறுகளைத் தொழிலாளர் காக்கின்றனர். காற்றெழும்போது, காட்சி பாதியில் நின்றாலும், துணியை இறக்குவதே அறிவுடைமை. எந்தப் படமும் ஒருவர் உயிரினும் பெரிதன்று.

துணியின் பணி வெயிலைத் தணிப்பதோடு முடிவதுமில்லை. 1956 இல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' படத்துக்காக, மழைக்கு அஞ்சி, காசி நகரத்து வீடொன்றைக் கல்கத்தாக் கூடத்தினுள்ளேயே அமைத்தனர். வானத்திலிருந்து முற்றத்தில் இறங்கும் நிழலற்ற ஒளியை மூடிய கூடத்துள் எவ்வாறு பெறுவது? இளம் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா முற்றத்தின் மேலே வெண்துணி விரித்து, விளக்குகளை அதன்மீது திருப்பினார். துணியிற் பட்டுத் திரும்பிய ஒளி, காசி வானத்தின் ஒளியாகவே அமைந்தது. வெளியே வெயிலைத் தணிக்கும் துணி, உள்ளே வானமாகவே மாறிவிட்டது.

மாணவர்கள் இதனை வீட்டிலேயே பரிசோதிக்கலாம். பென்சில் ஒன்றை வெயிலில் நிறுத்தி, நால்வர் சேர்ந்து வெள்ளை வேட்டியொன்றை அதன் மேலே தாழப் பிடியுங்கள், கூர்நிழல் மறைந்துவிடும். வேட்டியை மெல்ல மெல்ல உயர்த்துங்கள். நிழல் சிறிது சிறிதாக மீண்டும் தெளிவதைக் காண்பீர்கள். அடுத்த முறை குடும்பப் படம் எடுக்கும்போது, பாட்டியை வெயிலில் நிறுத்திக் கண்கூசச் செய்யாமல், ஒரு வெள்ளைத் துணியின் கீழ் அமரச் செய்வீர்கள் அன்றோ?