விரிதாட் கணக்கும் வழுநாடலும்

நோயாளியை நோக்கும் மருத்துவன் முதலில் நோய் இன்னதெனத் தெளிதல் வேண்டும். பின்னர் அதன் மூலத்தைத் தேடல் வேண்டும். அதன்பின்னரே தணிக்கும் வழியைக் கருதல் வேண்டும். ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த இம்முறை உடற்பிணிக்கு மட்டும் உரியதன்று. கணக்கிற் புகுந்த பிழைக்கும் அதுவே உரிய முறையாம். வகுப்பின் புள்ளிப் பட்டியல் முதல் பேரறிஞரின் ஆய்வு வரை பல கணக்குகள் இன்று கணினி விரிதாளிலேயே அமைகின்றன. ஆதலின் விரிதாட் சூத்திரங்களில் வழுக்கள் தோன்றுமாற்றையும், அவற்றைக் கண்டு களையுமாற்றையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

விரிதாள் என்பது நிரை, நிரல் என வகுக்கப்பட்ட கலங்களின் தொகுதி. ஒரு கலத்தில் எண்ணோ சொல்லோ இருக்கலாம். அன்றிப் பிற கலங்களை நோக்கிக் கணக்கிடும் சூத்திரம் இருக்கலாம். அமெரிக்காவிலே டான் பிரிக்ளின், பொப் பிராங்ஸ்டன் என்னும் இருவர் ஆக்கிய விசிகால்க் என்னும் செய்நிரல் 1979 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்று பெருவழக்கிலுள்ள எக்செல் முதலியன அதன் வழித்தோன்றல்களே. ஓர் எண்ணை மாற்றின் அதனைச் சார்ந்த எண்கள் யாவும் தாமே மாறுதல் விரிதாளின் தனிச்சிறப்பு. ஆயின் அச்சிறப்பினுள்ளேயே இடரும் உறைகின்றது. எண் பரவும் வழியாகவே பிழையும் பரவும்.

இவ்வழுக்களை வெளிப்படை வழு, மறைவழு என இருவகையாகப் பகுக்கலாம். முதல்வகை தன்னைத் தானே அறிவிப்பது. கலத்தில் விடைக்குப் பதிலாக ஒரு குறி தோன்றும். ‘#டிவ்/0!’ என்பது பூச்சியத்தால் அல்லது வெறுங்கலத்தால் வகுக்க முயன்றதைக் காட்டும். ‘#வேல்யூ!’ என்பது எண் நிற்கவேண்டிய இடத்தில் சொல் நிற்பதைக் காட்டும். புள்ளிக்குப் பதிலாக ‘வரவில்லை’ என எழுதிய கலத்தைக் கூட்டற் குறியால் வேறொரு கலத்துடன் கூட்ட முனையின் இக்குறி எழும். ‘#நேம்?’ என்பது பெரும்பாலும் சார்பின் பெயரைப் பிழைபட எழுதியதால் வருவது. ‘#ரெவ்!’ என்பது சூத்திரம் நோக்கிய கலமே அழிக்கப்பட்டுவிட்டதைச் சொல்லும். ‘#என்/ஏ’ என்பது தேடிய பொருள் பட்டியலில் இல்லை என்பதாம். பெயரின் ஈற்றில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி நிற்பினும் இது நேரும். கலம் முழுவதும் ‘#’ குறியால் நிரம்பின், பெரும்பாலும் அது வழுவன்று. நிரலின் அகலம் போதாமையே காரணம். அகலத்தைக் கூட்டின் எண் வெளிப்படும்.

வெளிப்படை வழுவைக் கண்டவிடத்து அக்கலத்தையே திருத்த முனைதல் தவறு. முப்பது கலங்களில் வழுக்குறி தோன்றினும், மூலம் ஒரே கலமாக இருத்தல் கூடும். குறி தோன்றும் கலத்திலிருந்து அது நோக்கும் கலங்களுக்குப் படிப்படியாகப் பின்சென்று, முதன்முதல் வழுவுற்ற கலத்தை அடைதல் வேண்டும். எக்செல்லில் மூலக் கலங்களை அம்புக்குறியாற் காட்டும் வசதி இதற்கு உதவும். நீண்ட சூத்திரமாயின் அதன் ஒரு பகுதியை மட்டும் தெரிந்து எப்9 சாவியை அழுத்தின் அப்பகுதியின் பெறுமானம் தோன்றும். கண்டபின் எஸ்கேப் சாவியால் மீளல் வேண்டும். என்ட்டர் சாவியை அழுத்தின் சூத்திரப் பகுதி மறைந்து எண்ணே அங்கு நிலைத்துவிடும்.

வழு நேரின் வெற்றிடத்தையோ பூச்சியத்தையோ காட்டுமாறு பணிக்கும் ‘இவ்எரர்’ என்னும் சார்பைப் பலர் கண்டவிடமெல்லாம் இடுவர். இது காய்ச்சலின் காரணம் அறியாது வெப்பத்தை மட்டும் தணிப்பதை ஒக்கும். வழு ஏன் நேரும் என்பதை நன்கறிந்தபின் பயன்படுத்தின் தீங்கில்லை. அறியாது பயன்படுத்தின் வெளிப்படை வழுவை மறைவழுவாக்கும்.

இனி மறைவழுவை நோக்குவாம். இங்கு குறி எதுவும் தோன்றாது. விடை அழகாக நிற்கும். ஆயினும் பொய்யாக நிற்கும். யான் வகுப்பாசிரியனாக இருந்த காலத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்குக் கூறுதல் பொருந்தும். பாட ஆசிரியர்கள் அனுப்பிய புள்ளிகளை ஒரே விரிதாளிற் படியெடுத்துத் தவணை அறிக்கையை ஆக்கினேன். ஒரு மாணவனின் கணிதப் புள்ளி 88. அது எண்ணாகவன்றி எழுத்துத் தொடராகக் கலத்தில் அமைந்துவிட்டது. ‘சம்’ என்னும் கூட்டற் சார்பு தான் நோக்கும் கலங்களிலுள்ள எழுத்தைக் கண்டால் வழுக்குறி காட்டாது. அதனை விடுத்து ஏனையவற்றைக் கூட்டும். ஆகவே 612 ஆகவேண்டிய மொத்தம் 524 ஆக நின்றது. வகுப்பில் அவனது நிலையும் வெகுவாகத் தாழ்ந்தது. அவன் வீட்டிலிருந்து கையாற் கூட்டிப் பார்த்திருக்கிறான். ஆயினும் கணினி பிழைவிடுமா என்று ஐயுற்று, தன் கூட்டலையே பலமுறை சோதித்து, இரண்டு கிழமைகளின் பின்னரே என்னிடம் வந்தான். பிழை கணினியினதன்று, சோதியாது ஒப்பமிட்ட என்னுடையது.

இத்தகைய வழுவைக் காண எளிய வழி உண்டு. ‘கவுண்ட்’ என்னும் சார்பு எண்ணுள்ள கலங்களை மட்டும் எண்ணும். ‘கவுண்டா’ வெற்றிடமல்லாத கலங்கள் யாவற்றையும் எண்ணும். புள்ளிகள் மட்டுமே நிற்கவேண்டிய நிரலில் இவ்விரண்டும் வேறுபடின் எண்ணல்லாத ஒன்று உள்ளே புகுந்துள்ளது என்க.

வெற்றிடமும் பூச்சியமும் ஒன்றல்ல என்பதையும் மறத்தலாகாது. ஒருவன் இரு வினாத்தாள்களில் 60, 70 பெற்று மூன்றாவதற்குச் சமுகமளிக்கவில்லை எனக் கொள்வோம். மூன்றாங் கலம் வெறுமையாயின் சராசரிச் சார்பு 65 என விடை தரும். அங்குப் பூச்சியத்தை இடின் 43.3 எனத் தரும். எது நீதியென்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் ஆசிரியர்; விரிதாளன்று.

சூத்திரத்தைக் கீழ்நோக்கிப் படியெடுக்கையில் கல முகவரிகளும் உடன் நகரும். ‘டி2’ கலத்தை ‘எச்1’ கலத்திலுள்ள வீதத்தாற் பெருக்கும் சூத்திரம், அடுத்த நிரையில் ‘டி3’, ‘எச்2’ என மாறிவிடும். வீதம் நிலைத்து நிற்கவேண்டின் அதன் முகவரியில் எழுத்தின் முன்னும் எண்ணின் முன்னும் டொலர்க் குறி இடல் வேண்டும். ‘வீலுக்கப்’ என்னும் தேடற் சார்பில் நான்காம் உறுப்பை விடுத்தால் அண்ணளவான பொருத்தமே தேடப்படும். சேர்விலக்க வரிசையிலுள்ள பட்டியலில் தேடிய இலக்கம் இல்லையாயின், அதற்கு முந்திய இலக்கத்துக்குரிய மாணவனின் புள்ளியை அது தயங்காது தந்துவிடும். ‘ஃபால்ஸ்’ என்பதை நான்காம் உறுப்பாக இடின், இல்லாதது இல்லை எனவே தோன்றும். மெய்யான வழுக்குறி பொய்யான விடையிலும் மேலானது.

வீச்சு குறைதலால் நேர்ந்த இழுக்கு ஒன்று உலகறிந்தது. கார்மென் ரைன்ஹார்ட், கெனத் ரொகோவ் என்னும் பொருளியலறிஞர் இருவர், அரச கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 90 சதவீதத்தை விஞ்சிய நாடுகளின் சராசரி வளர்ச்சி வீதம் -0.1 சதவீதமென 2010 இல் எழுதினர். அரச செலவைக் குறைக்க வேண்டுமென வாதிட்டோர் பலர் அக்கட்டுரையை எடுத்துக்காட்டினர். மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழக மாணவரான தோமஸ் ஹேண்டன், அவ்வறிஞரிடமிருந்தே விரிதாளைப் பெற்று ஆராய்ந்தார். 30 ஆம் நிரை முதல் 49 ஆம் நிரை வரை செல்லவேண்டிய சராசரிச் சூத்திரம் 44 ஆம் நிரையுடன் நின்றிருந்தது. 20 நாடுகளில் அவுஸ்திரேலியா, ஒஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என்னும் ஐந்தும் விடுபட்டிருந்தன. தம் ஆசிரியர்களான மைக்கல் ஆஷ், றொபேட் பொலின் ஆகியோருடன் அவர் 2013 இல் வெளியிட்ட கணக்கின்படி அவ்வளர்ச்சி 2.2 சதவீதமாகும். இவ்வேறுபாட்டின் பெரும்பகுதி தரவுத் தெரிவினாலும் நிறையிட்ட முறையினாலும் வந்தது. விரிதாள் வழுவின் பங்கு சிறிதே. மூல ஆசிரியர்களும் விரிதாள் வழுவை ஒப்புக்கொண்டு, தம் முடிபின் சாரம் மாறாதென வாதிட்டனர். எனினும் ஐந்து நிரைகள் மூன்றாண்டுகள் ஒருவர் கண்ணிலும் படாது கிடந்தமை சிந்தித்தற்குரியது.

மறைவழுவைத் தவிர்க்க விரும்புவோர் சில நெறிகளைக் கைக்கொள்ளல் நன்று. மூல எண்களை ஓரிடத்திலும் சூத்திரங்களை மற்றோரிடத்திலும் வைத்தல் ஒன்று. நிரைகளின் மொத்தத்தையும் நிரல்களின் மொத்தத்தையும் தனித்தனி கண்டு ஒப்பிடல் மற்றொன்று. குறைந்த வீச்சை இது காட்டிக்கொடுக்கும். ஆயின் எழுத்தாய் நின்ற எண்ணை இரு மொத்தங்களும் ஒருங்கே விடுத்துவிடுமாதலின், முற்கூறிய எண்ணிக்கைச் சோதனையும் உடன் வேண்டும். யாவற்றினும் மேலாக, ஏதேனும் இரண்டு மூன்று நிரைகளைத் தெரிந்து கையாற் கணக்கிட்டு ஒப்பிடல் வேண்டும்.

கணினி நாம் கருதியதைச் செய்வதன்று. நாம் எழுதியதைச் செய்வது. கருத்துக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தறிதலே வழுநாடலாம். மாணவர் தம் அறிக்கையிலுள்ள கூட்டுத்தொகையைத் தாமே ஒருமுறை கூட்டிப் பார்ப்பாராக; வேறுபாடு காணின் தயங்காது வந்து கேட்பாராக. அவ்வினாவை மதித்துச் செவிமடுத்தல் ஆசிரியராகிய எம் கடன்.