குதிரையில் போனவன் பறவையில் வந்தான்

எல்லையோர வாசிப்பு – 9

சென்ற வாரம் மலையாளச் சிறுவர் இதழ் ‘பாலரமா’வின் மாயாவியைப் பற்றி எழுதியதும், “எந்த மாயாவி ஐயா?” என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. நியாயமான கேள்விதான். கேரள எல்லையில் தமிழ் படித்து வளர்ந்த பிள்ளைக்கு மாயாவிகள் மூன்று பேர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரிகிற முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவி ஒருவர். ராணி காமிக்ஸில் வந்த முகமூடி மாயாவி இன்னொருவர். லுட்டாப்பியின் திட்டத்தையெல்லாம் கெடுக்கிற மலையாள மாயாவி மூன்றாமவர். வகுப்பில் ஒருவன் மாயாவி கதை சொல்ல ஆரம்பித்தால், அது எந்த மாயாவி என்று தெரிவதற்குள் மணி அடித்துவிடும்.

ஆனால் என்னைப் பிடித்து ஆட்டியவர் இந்த மூவருமில்லை. மூக்கு உடைந்த, சவரம் பண்ணாத, சூதாட்டத்தில் கை தேர்ந்த ஒரு குதிரைப்படைக்காரர். கேப்டன் டைகர்.

டைகரைச் சொல்லுமுன் எங்கள் ஊரைச் சொல்ல வேண்டும். கேரளம் என்றதும் காயலும் படகும் நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே வந்தால் ஏமாந்துபோவார்கள். பனைமரம், கரிசல் காடு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஓயாமல் வீசும் காற்று. சித்திரை வெயிலில் ரோட்டில் கானல் ஓடும். மாமா வீடு இடுக்கி மாவட்டம் மறையூரில். முழுப்பரீட்சை முடிந்த மறுநாள் என்னை அங்கே ஏற்றிவிடுவார்கள். கோபாலபுரத்தில் கேரளத்தை விட்டு வெளியேறி, பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டைச் சுற்றி, அமராவதி அணை தாண்டிச் சின்னாறில் மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக இரண்டு செக்போஸ்ட்.

உடுமலை பஸ் ஸ்டாண்டில் ஒரு பெட்டிக்கடை. வாசலில் சணல் கயிறு கட்டி, துணி உலர்த்துகிற மாதிரி புத்தகங்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். அங்கேதான் ‘தங்கக் கல்லறை’ கிடைத்தது. சாணித்தாள், கறுப்பு வெள்ளை, சிவகாசி அச்சு. பாலைவனத்தில் தொலைந்துபோன ஒரு தங்கச் சுரங்கம். அதைத் தேடிப் போகிறவர்களைத் தங்கத் தோட்டாவால் சுடுகிற, கண்ணுக்குத் தெரியாத ஒருவன். டைகரும் குடிகார நண்பர் ஜிம்மியும் தண்ணீரில்லாத பாறைகளுக்கு நடுவே நாக்கு வறண்டு போகிற கட்டத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பஸ் ஜன்னலுக்கு வெளியே சின்னாறு. மழை மறைவுப் பிரதேசம் என்று பாடத்தில் படித்தது அதுதான் என்று அன்றைக்குத் தெரியாது. முள்காடு, ஆள் உயரக் கள்ளி, காய்ந்த பாறைச் சரிவு. புத்தகத்துக்குள் இருந்த இடமும் வெளியே இருந்த இடமும் ஒன்றுதான் என்று சத்தியம் பண்ணியிருப்பேன்.

அதிலிருந்து தீராத நோய். பழைய இதழ் தேடி அலைந்தேன். ஒரு டைகருக்கு இரண்டு ஜேம்ஸ்பாண்ட் என்று மாற்று விலை நிர்ணயித்தவன் நான்தான். ‘தொடரும்’ என்று போட்டு நிறுத்திவிட்டால், அடுத்த பாகம் வருகிற வரை சாப்பாடு இறங்காது. மாமாவுக்குத் தாங்கவில்லை.

“ஏங் கண்ணு, இன்னும் அந்தக் குதிரக்காரம் பொஸ்தகந்தானா?”

“இல்லீங் மாமா, இது வேற கதைங்.”

“குதிர அதேதானே?”

பதில் சொல்ல முடியவில்லை.

மாமா வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் முனியறைகள் இருந்தன. நாலு பக்கம் கற்பலகை நிறுத்தி மேலே ஒரு பெரிய பலகையைக் கூரையாகப் போட்ட பெருங்கற்காலச் சின்னங்கள். முனிவர்கள் தங்கிய அறை என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பாறை மேட்டில், பொழுது சாயும் நேரத்தில், இது வேறு ஏதோ கிரகத்து ஆட்கள் கட்டி வைத்துவிட்டுப் போனது என்று நானாக ஒரு கதை கட்டினேன். டைகர் குதிரையில் வருகிறார், முனியறைக்குள்ளிருந்து வானத்து ஆள் ஒருவன் வெளியே வருகிறான். நோட்டில் எட்டுப் பக்கம் படம்கூடப் போட்டேன். கௌபாயையும் விண்வெளியையும் முதலில் சேர்த்தவன் நானே என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பைப் பின்னால் ஒரு தகவல் கெடுத்தது. அமெரிக்காவில் சார்ல்டன் என்ற கம்பெனி 1952இலேயே ‘ஸ்பேஸ் வெஸ்டர்ன்’ என்று பெயர் வைத்தே காமிக்ஸ் போட்டிருக்கிறது. ஸ்பர்ஸ் ஜாக்சன் என்ற பண்ணைக்காரர் தொப்பியும் துப்பாக்கியுமாக வேற்றுக்கிரகவாசிகளோடு மோதுவார். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு கௌபாய் இதழின் பெயரை மாற்றி வெளியிட்டார்கள். ஆறே இதழ், 1953இல் பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள். போகட்டும். என் எட்டுப் பக்கத்தைவிட அவர்கள் ஆறு இதழ் பரவாயில்லை.

உண்மையான அதிர்ச்சி கோயம்புத்தூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் காத்திருந்தது. அப்போது வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தேன். அட்டை கிழிந்த, பெரிய அளவு வண்ணப் புத்தகம். உயரத் தொப்பி வைத்த ஒருவன், தோல் சிறகு கொண்ட வெள்ளைப் பறவை மேல் உட்கார்ந்து பாலைவனத்தைக் கடக்கிறான். பறவையை விடுங்கள். எனக்குப் பாறை தெரிந்தது. பாறையின் நிழல் பக்கம் விழுந்திருந்த பொடிக்கோடுகள், அடிவானத்தைத் தாழ்த்தி வைத்து வானத்தை விரித்துவிடும் விதம். இந்தக் கையை எனக்குத் தெரியும். கையெழுத்தோ ‘மோபியஸ்’ என்று இருந்தது. டைகரை வரைந்தவர் ழான் ஜிரோ அல்லவா?

இரண்டும் ஒரே ஆள்தான். 1938இல் பிறந்த பிரெஞ்சுக்காரர் ஜிரோ. அமெரிக்க மேற்கைக் கதையில் கொண்டுவந்த அவர் முதலில் பார்த்த பாலைவனம் மெக்ஸிகோவுடையது. அம்மா அங்கே மறுமணம் செய்துகொண்டு வாழ்ந்தார். பதின்ம வயதில் அவரைப் பார்க்கப் போன பையன் பல மாதங்கள் தங்கிவிட்டான். நான் மாமா வீட்டுக்குப் போன மாதிரிதான் என்று வைத்துக்கொள்கிறேன். 1963 அக்டோபர் 31 தேதியிட்ட ‘பிலோத்’ வார இதழில் ழான்-மிஷல் ஷார்லியேயின் கதைக்கு அவர் வரைய, புளூபெரி பிறந்தார். (நம் ஊரில் அன்றைக்கு அந்தப் பழத்தை யார் கண்டது? தமிழில் டைகர் ஆனது நல்லதுதான்.) அதே காலத்தில் ‘ஹரா-கிரி’ என்ற நையாண்டிப் பத்திரிகையில் மோபியஸ் என்ற பெயரில் வரையவும் ஆரம்பித்தார். அந்தப் பெயர் கணக்குப் பாடத்திலிருந்து எடுத்தது. காகித நாடாவை ஒரு முறுக்கு முறுக்கி ஒட்டினால் இரண்டு பக்கமும் ஒரே பக்கமாகிவிடுமே, அந்த மோபியஸ்.

அந்த வருடத்தை நான் மறக்க முடியாததற்கு இன்னொரு காரணம் உண்டு. புளூபெரி வெளிவந்து சரியாக மூன்று வாரம் கழித்து, 1963 நவம்பர் 21 அன்று, கேரளத்தின் தும்பாவில் இந்திய மண்ணின் முதல் ராக்கெட் கிளம்பியது. மேரி மகதலேனா தேவாலயத்தை அலுவலகமாக்கி நடந்த வேலை அது. அமெரிக்கா கொடுத்த அந்த ராக்கெட்டின் பெயர் நைக்-அப்பாச்சி. மேலே போகிற கட்டத்துக்குப் பெயர் அப்பாச்சி. டைகர் கதைகளில் பக்கத்துக்குப் பக்கம் வருகிற அதே செவ்விந்திய இனத்தின் பெயர். அது சுமந்துபோன சோடியம் ஆவிக் கருவி பிரான்சுடையது. அமெரிக்கக் குதிரை மேல் பிரெஞ்சுச் சுமை. யாரும் திட்டமிட்டதில்லை, வெறும் தற்செயல்தான். ஆனாலும் செவ்விந்தியப் பெயர் சுமந்த ஒன்று தென்னந்தோப்புக்கு மேலே வானேறிய அந்தச் சாயங்காலத்தைத்தான் நான் நம்ம ஊரின் முதல் விண்வெளிக் கௌபாய் கதையாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

1975இல் ஜிரோவும் நண்பர்களும் ‘மெத்தால் உர்லான்’ என்ற பத்திரிகையைக் கொண்டுவந்தார்கள். பறவைக்காரன் ‘அர்ஸாக்’ அதில்தான் வந்தான். பின்னால் ‘ஏலியன்’, ‘ட்ரான்’ படங்களுக்கு வரைந்தார். கதாசிரியர் ஹோடரோவ்ஸ்கியோடு சேர்ந்து ‘இன்கால்’ என்ற பெரிய விண்வெளிக் கதையும் செய்தார். உலகம் கொண்டாடுவது இன்காலைத்தான். எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

அர்ஸாக்கில் பேச்சே கிடையாது. ஒரு பலூன் இல்லை, ஒரு வரி விளக்கம் இல்லை. ஆள் வருகிறான், பார்க்கிறான், போகிறான். அந்தக் கதைகளில் அவன் பெயர்கூட நிலையாக இல்லை. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு எழுத்துக்கூட்டல். இதில் விசித்திரம் காண்பவர்கள் எங்கள் பக்கப் பலகைகளைப் பார்த்ததில்லை. தமிழில் மறையூர், மலையாளத்தில் மறயூர். வீட்டில் ஒரு பாஷை, தாலுகா ஆபீஸில் இன்னொரு பாஷை என்று இருந்தவனுக்கு, எந்தப் பாஷையிலும் இல்லாத புத்தகம் கிடைத்தபோது வந்த நிம்மதியை விளக்குவது கஷ்டம். டைகர் சிவகாசி வழியாகத் தமிழ் பேசிக்கொண்டு வந்தார். இவனைக் கொண்டுவர மொழிபெயர்ப்பாளரே தேவைப்படவில்லை. முதலில் குதிரையைப் பிடித்துவைத்துவிட்டு, பிறகு பேச்சையும் பிடுங்கிவிட்டார் ஜிரோ. மிச்சமிருந்தது அந்த வறண்ட நிலம் மட்டும்தான். அப்போதுதான் தெரிந்தது, இத்தனை வருடமும் நான் விழுந்து கிடந்தது கதையில் இல்லை, அந்த நிலத்தில் என்று.

போன மாசி மாதம், மாமாவின் வருஷத் திதிக்கு மறையூர் போனேன். பைக்குள் அர்ஸாக் இருந்தது. திரும்பும்போது சின்னாறு வனத்துறைச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். சந்தனக்கட்டை தேடுகிற வழக்கமான சோதனை. இளவயதுக் காவலர் பையைத் திறந்து, வேட்டி, கரும்பு வெல்லம் எல்லாவற்றையும் ஒதுக்கி, புத்தகத்தை எடுத்தார். சும்மா புரட்டினார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய், நிதானமாகப் புரட்டினார்.

“இதில் எழுத்தொன்னும் இல்லல்லோ?”

“இல்ல சாரே.”

சரி என்று தலையாட்டினார். ஆனால் புத்தகம் கைக்கு வரவில்லை. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். பின்னால் நின்ற உடுமலை லாரிக்காரர் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார். ஒரு நிமிஷம் என்று அவருக்குக் கையைக் காட்டிவிட்டு, காவலர் இன்னொரு பக்கத்தைத் திருப்பினார்.

(தொடரும்)