இடுப்பு முறிவு அறுவைச் சிகிச்சைக்குப் பின் காயத் தொற்று

இடுப்பு முறிவு அறுவைச் சிகிச்சைக்குப் பின் காயத் தொற்று என்பது, தொடையெலும்பின் மேல்முனையில் ஏற்பட்ட முறிவுக்கு அறுவைச் சிகிச்சை செய்த பின்னர், வெட்டுக் காயத்திலோ அதன் அடியிலுள்ள இழையங்களிலோ நுண்ணுயிர்கள் பெருகுவதால் உண்டாகும் நோய்நிலை ஆகும். தோலோடு நிற்பது மேற்புறத் தொற்று எனவும், தசை, மூட்டு, பொருத்தப்பட்ட உலோகம் வரை செல்வது ஆழ் தொற்று எனவும் அழைக்கப்படுகின்றன. ஆழ் தொற்று ஏறத்தாழ நூற்றில் ஓரிருவருக்கே ஏற்படுகிறது. எனினும் இது மறு அறுவைச் சிகிச்சைக்கும், நடக்கும் ஆற்றலின் இழப்புக்கும், சில வேளைகளில் இறப்புக்கும் காரணமாகிறது.

தொற்று உண்டாகும் முறை

ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியாவே இத்தொற்றுக்கு முதன்மைக் காரணியாகும். இது பலருடைய மூக்கிலும் தோலிலும் இயல்பாகவே வாழ்கிறது. எலும்பில் பொருத்தப்படும் தகடு, திருகாணி, செயற்கை மூட்டு ஆகியவற்றுக்குக் குருதியோட்டம் இல்லை. அவற்றின் மேல் ஒட்டும் பாக்டீரியாக்கள் உயிரிப்படலம் ஒன்றை உருவாக்கி அதனுள் மறைந்து வாழ்கின்றன. நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளாலும் வெள்ளை அணுக்களாலும் அவற்றை எளிதில் அழிக்க முடிவதில்லை. ஆகவே காயத்தைத் திறந்து கழுவவும், சிலருக்குப் பொருத்திய கருவியை அகற்றவும் நேரிடுகிறது.

நோயாளி சார்ந்த இடர்க் காரணிகள்

* நீரிழிவு நோய்: குருதியில் சர்க்கரை மிகும்போது வெள்ளை அணுக்களின் செயல்திறன் குறைகிறது.
* உடற்பருமன்: கொழுப்பு இழையத்தில் குருதியோட்டம் குறைவு, அறுவைச் சிகிச்சையும் நீள்கிறது.
* ஊட்டச்சத்துக் குறைவு: குருதியில் ஆல்புமின் அளவு குறைந்த முதியவர்களுக்குக் காயம் ஆறத் தாமதமாகிறது.
* புகைபிடித்தல்: காயத்துக்குச் செல்லும் ஆக்சிசன் குறைகிறது.
* முடக்கு வாதம், ஸ்டீராய்டு மருந்துகள்: நோய் எதிர்ப்பாற்றல் தளர்கிறது.

சிகிச்சை சார்ந்த இடர்க் காரணிகள்

அறுவைச் சிகிச்சை நீள்வது, காயத்தினுள் குருதி தேங்குவது, நுண்ணுயிர் எதிர்ப்பியைக் காலந்தாழ்த்திக் கொடுப்பது, மருத்துவமனையில் பல நாட்கள் காத்திருப்பது ஆகியவை இவ்வகையின.

தடுப்பு

தேய்ந்த மூட்டை மாற்றுவது போன்ற திட்டமிட்ட சிகிச்சையில், சர்க்கரையைக் கட்டுப்படுத்தவும் புகைபிடித்தலை நிறுத்தவும் சில மாதங்கள் காத்திருக்கலாம். இடுப்பு முறிவில் இது இயலாது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு நிமோனியா, படுக்கைப் புண், குருதி உறைவு ஆகிய ஆபத்துகள் நாளுக்கு நாள் கூடுகின்றன. ஆகவே, மருத்துவமனையில் சேர்ந்த அன்றோ மறுநாளோ அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என ஐக்கிய இராச்சியத்தின் மருத்துவ வழிகாட்டல் கூறுகிறது. இதனால் நோயாளி சார்ந்த காரணிகள் பெரும்பாலும் அப்படியே இருக்க, மருத்துவமனையின் கையிலுள்ள காரணிகளே தடுப்பின் மையமாகின்றன.

* தோலை வெட்டுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் செஃபசோலின் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்பியைக் கொடுத்தல்.
* முடியைச் சவரக்கத்தியால் மழிக்காதிருத்தல். தேவையெனில் கத்தரிப்பான் கருவியால் வெட்டலாம் என உலக சுகாதார அமைப்பு 2016 இல் பரிந்துரைத்தது.
* ஆல்ககால் கலந்த குளோரெக்சிடின் கரைசலால் தோலைத் தூய்மை செய்தல்.
* சிகிச்சையின்போது உடல் வெப்பநிலையையும் குருதிச் சர்க்கரையையும் சீராக வைத்திருத்தல்.

மருந்தை மிகுதியாகக் கொடுப்பதால் மட்டும் பலன் கூடிவிடுவதில்லை. ஐக்கிய இராச்சியத்தில் சுமார் 4,900 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2023 இல் வெளியான ஆய்வில், எலும்புச் சிமெந்தில் ஒரு மருந்து மட்டும் கலந்தபோது 1.7 விழுக்காட்டினருக்கும், இரு மருந்துகளை உயர் அளவில் கலந்தபோது 1.2 விழுக்காட்டினருக்கும் ஆழ் தொற்று ஏற்பட்டது. இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானதாக அமையவில்லை.

அறிகுறிகள்

காயத்தைச் சுற்றிச் சிவத்தல், வீக்கம், தணியாது கூடிவரும் வலி, சீழ், நாட்கள் கடந்தும் நிற்காத நீர்க்கசிவு ஆகியன முக்கிய அறிகுறிகளாகும். முதியவர்களுக்குக் காய்ச்சல் தோன்றாமலும் இருக்கலாம். எனவே காய்ச்சல் இல்லை என்பதைக் கொண்டு தொற்று இல்லை என முடிவு செய்ய இயலாது.