மீன் தொட்டிக்கு வீட்டிலேயே வடிகட்டி

புனே நகரில் தமிழர்கள் பலர் வாழ்கிறார்கள். கிர்க்கி, தேஹு ரோடு, ராஸ்தா பேட் என்று பல இடங்களில் தமிழ்க் குரல் கேட்கும். சின்ன வீடாக இருந்தாலும் பிள்ளைகள் மீன் தொட்டி கேட்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் காசு சேர்த்து ஒரு கண்ணாடித் தொட்டி வாங்குகிறார்கள். நான்கு பொன்மீன்களை வாங்கி விடுகிறார்கள்.

முதல் இரண்டு நாள் வீடே மகிழ்ச்சியாக இருக்கும். பிறகு ஒரு மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். மறுநாள் அது செத்து மிதக்கும். அடுத்த வாரத்திற்குள் தொட்டி காலி. பிள்ளை அழும். தண்ணீரைப் பார்த்தால் பளிங்கு போல இருக்கும். இரையும் போட்டார்கள். அப்படியிருந்தும் மீன் ஏன் செத்தது?

பலரும் "மீன் ராசி இல்லை" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். இதில் ராசிக்கு வேலை இல்லை. தண்ணீரில் விஷம் சேர்ந்தது. அந்த விஷம் கண்ணுக்குத் தெரியாது.

மாட்டுத் தொழுவத்தில் மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி வரும் அல்லவா? அது அம்மோனியா என்ற பொருளின் நெடி. மீனும் அம்மோனியாவை வெளியே விடுகிறது. பெரும்பகுதி அதன் செவுள் வழியாகவே தண்ணீரில் கலக்கிறது. மீன் தின்னாமல் விட்ட இரை அழுகினாலும் அம்மோனியா உண்டாகும். கொஞ்சம் சேர்ந்தாலே மீனின் செவுள் புண்ணாகும். மூச்சு விட முடியாமல் மீன் மேலே வந்து தவிக்கும். அது பசி என்று நினைத்து நாம் இன்னும் இரை போடுகிறோம். விஷம் இன்னும் கூடுகிறது.

ஆற்றில் மட்டும் மீன் எப்படிப் பிழைக்கிறது? ஆற்றில் தண்ணீர் அதிகம். அது ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. ஆற்றுக் கல்லைத் தொட்டால் வழுவழு என்று இருக்கும். அந்த வழுவழுப்பில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட் என்ற பொருளாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். இன்னொரு வகை அதையும் நைட்ரேட்டாக மாற்றிவிடும். நைட்ரேட் அளவோடு இருந்தால் மீனைக் கொல்லாது. செடிகளுக்கு அது உணவு. வயலில் போடும் உரமும் மண்ணில் இப்படித்தான் மாறுகிறது. இந்த நுண்ணுயிர்களை 1890-ஆம் ஆண்டு வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் பிரித்து எடுத்துக் காட்டினார்.

இனி வடிகட்டி என்றால் என்ன என்று பார்ப்போம். டீ வடிகட்டி தூளைப் பிடிக்கும். மீன் தொட்டி வடிகட்டியும் தூசியைப் பிடிக்கும். ஆனால் அது சின்ன வேலை. அந்த நல்ல நுண்ணுயிர்கள் குடியிருக்க வீடு கொடுப்பதுதான் அதன் பெரிய வேலை. பஞ்சிலும் கல்லிலும் அவை ஒட்டி வாழும். தண்ணீர் அவற்றின் மேல் ஓடவேண்டும். காற்றும் வேண்டும். அவ்வளவுதான். புனேயில் பைரோபா நாலா கழிவுநீர் நிலையம் போன்ற பெரிய இடங்களிலும் நுண்ணுயிர்களுக்குக் காற்றை ஊட்டித்தான் சாக்கடை நீரைச் சுத்தம் செய்கிறார்கள். ஊருக்கு அது, நம் வீட்டுக்கு ஒரு டப்பா போதும்.

செய்வது எப்படி?

அகன்ற வாயுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுங்கள். அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை கொள்ளட்டும். திருகு மூடி இருக்கவேண்டும். சாப்பாட்டுப் பொருள் இருந்த டப்பாவே நல்லது. பினாயில், மருந்து இருந்த டப்பா ஆகாது. எத்தனை முறை கழுவினாலும் ஆகாது.

மூடியின் நடுவில் ஒரு பெரிய துளை போடுங்கள். அரை அங்குல பிளாஸ்டிக் குழாய் அதில் இறுக்கமாக நுழையவேண்டும். அதைச் சுற்றி மூடி முழுவதும் சின்னச் சின்னத் துளைகள் போடுங்கள். ஆணியைச் சுட்டுக் குத்தினால் எளிதாக இருக்கும். கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். புகையை முகர வேண்டாம். சன்னல் ஓரமாக உட்கார்ந்து செய்யுங்கள்.

குழாயின் அடி முனையில் இரண்டு மூன்று வெட்டு வெட்டுங்கள். அப்போதுதான் தண்ணீர் உள்ளே நுழையும். குழாயை டப்பாவின் அடிவரை நிறுத்துங்கள். அதைச் சுற்றி மூன்று விரல் உயரத்திற்குச் சிறு கல் போடுங்கள். குழாயின் வெட்டைவிடக் கல் பெரிதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் கல் உள்ளே போய் அடைக்கும். கல்லின் கனம் டப்பாவைத் தண்ணீரில் நிற்க வைக்கும். கல்லின் மேல் பஞ்சு வையுங்கள். தலையணைக்குள் அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சு நல்லது. புதிய ஸ்பஞ்சுத் துண்டும் நல்லது. இலவம்பஞ்சும் பருத்திப் பஞ்சும் அழுகிவிடும். பாத்திரம் தேய்த்த ஸ்பஞ்சு கூடவே கூடாது. அதில் சோப்பு இருக்கும்.

எந்தக் கல் நல்லது? புனேயில் இதற்குக் கவலை இல்லை. சுற்றிலும் கருங்கல் பூமி. அந்தக் கருங்கல் சில்லு தண்ணீரில் கரையாது. சுண்ணாம்புக் கல்லும் பளிங்குக் கல்லும் கரைந்து தண்ணீரை மாற்றிவிடும். சந்தேகம் இருந்தால் கல்லின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரை பொங்கினால் அந்தக் கல் வேண்டாம். செம்புக் கம்பி, பித்தளை ஆணி எதையும் டப்பாவில் வைக்காதீர்கள். செம்பு மீனுக்கு விஷம்.

மூடியைத் திருகி மூடுங்கள். நடுக்குழாயின் மேல் முனை, தொட்டித் தண்ணீரின் மட்டத்திற்குச் சற்றுக் கீழே நிற்கவேண்டும். நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளலாம். மீன் கடையில் சின்னக் காற்று பம்ப் கிடைக்கும். விலை கொடுத்து வாங்கவேண்டிய பொருள் இது ஒன்றுதான். அதன் மெல்லிய காற்றுக் குழாயை நடுக்குழாய்க்குள் அடிவரை விடுங்கள்.

பம்ப் ஓடினால் குமிழிகள் நடுக்குழாய் வழியே மேலே ஏறும். கூடவே தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போகும். உள்ளே தண்ணீர் குறைகிறது. அதை ஈடுகட்ட, மூடியின் துளைகள் வழியே வெளித் தண்ணீர் வரும். பஞ்சைத் தாண்டி, கல்லைத் தாண்டி, மறுபடி குழாயில் ஏறும். இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். குமிழி வெடிக்கும் இடத்தில் தண்ணீர் அசைந்து காற்றும் கலக்கும்.

உயிருக்கு ஆபத்து வராமல்

தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள். பம்ப்பைத் தொட்டியின் தண்ணீர் மட்டத்தைவிட உயரமான பலகையில் வையுங்கள். கீழே வைத்தால், மின்சாரம் நின்றதும் காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கி பம்ப்புக்குள் போகும். மின்சாரம் திரும்பியதும் ஷாக் அடிக்கும். ஒயர் நேராக பிளக்கில் போய்ச் சேரக்கூடாது. பிளக்கைவிடக் கீழே ஒரு தொங்கல் விட்டு, பிறகு மேலே போகட்டும். ஒயரில் வழியும் சொட்டு அந்தத் தொங்கலில் இருந்து தரையில் விழும். தொட்டிக்குள் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

உறை ஊற்றுவது போல

வடிகட்டி தயார். உடனே பத்து மீன் விடலாமா? கூடாது. டப்பாவில் இப்போது வெறும் பஞ்சும் கல்லும்தான். குடியிருப்போர் இன்னும் வரவில்லை. பால் தயிராக ஒரு ராத்திரி போதும். இந்த நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகும். 4 முதல் 6 வாரம் ஆகும்.

ஆனால் இதற்கும் உறை மோர் உண்டு! அக்கம்பக்கத்தில் மீன்கள் நன்றாக இருக்கும் பழைய தொட்டி இருந்தால், அந்த வீட்டு அக்காவிடம் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். ஈரமாகவே கொண்டுவந்து உங்கள் டப்பாவில் வையுங்கள். வேலை சீக்கிரம் நடக்கும். அந்தத் தொட்டியில் நோய் இருந்தால் மட்டும் வேண்டாம்.

முதலில் இரண்டு மூன்று கப்பி மீன் போதும். கப்பி தாங்கும். பொன்மீன் அழகுதான். ஆனால் அது நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். புதுத் தொட்டிக்கு அது சரிப்படாது. இரையை இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்குப் போடுங்கள்.

வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். முதல் சில வாரங்களில் இரண்டு மூன்று முறை மாற்றுவது நல்லது. கால் பங்கு எவ்வளவு? கணக்குப் போடலாம். தொட்டியின் நீளம் 60 சென்டிமீட்டர், அகலம் 30, தண்ணீரின் உயரம் 25 என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 45,000. அதை 1,000 ஆல் வகுத்தால் 45 லிட்டர். கால் பங்கு என்பது 11 லிட்டர். ஏறக்குறைய ஒரு வாளி.

அந்த ஒரு வாளியில்தான் அடுத்த கவனம். புனேயின் குழாய்த் தண்ணீர் கடக்வாஸ்லா அணைப் பக்கமிருந்து வருகிறது. நோய் பரவாமல் இருக்க அதில் குளோரின் கலக்கிறார்கள். நமக்கு அது நன்மை. மீனின் செவுளுக்கும் வடிகட்டியின் நுண்ணுயிருக்கும் அது கேடு. அகன்ற வாளியில் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள். குளோரின் காற்றில் போய்விடும். பிறகு ஊற்றுங்கள். அவசரம் என்றால் மீன் கடையில் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து கிடைக்கும்.

நன்றாக ஓடிய தொட்டியும் ஒருநாள் திடீரென்று கெட்டுப்போவது எதனால்? பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை சுத்தத்தால்தான்! வடிகட்டிப் பஞ்சு பழுப்பாக, கொழகொழ என்று இருக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை. சோப்புப் போட்டு, குழாயடியில் அலசி, வெயிலில் காயவைத்துத் திரும்ப வைக்கிறார்கள். பஞ்சு வெள்ளையாகிவிட்டது. கொதிக்கும் பாலில் உறை ஊற்றியது போலத்தான் இது. நுண்ணுயிர்கள் எல்லாம் செத்தன. தொட்டி மறுபடி முதல் நாள் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் மீன்கள் மட்டும் பத்து இருக்கின்றன. இரண்டு மூன்று நாளில் அவை வாயைப் பிளக்கத் தொடங்கும். 

பஞ்சில் தண்ணீர் நுழையாமல் குமிழி குறைந்தால் மட்டும் கழுவுங்கள். வாராவாரம் தொட்டியிலிருந்து எடுக்கும் பழைய தண்ணீர் வாளியில் இருக்குமே, அதில் பஞ்சை இரண்டு முறை அமுக்கிப் பிழிந்தால் போதும். அழுக்கு போகும், உயிர் தங்கும். கல்லையும் பஞ்சையும் ஒரே நாளில் கழுவ வேண்டாம். பிழிந்த தண்ணீரை ரோஜாச் செடிக்கோ துளசிக்கோ ஊற்றுங்கள். அதில் நைட்ரேட் இருக்கிறது. செடி தழைக்கும்.

சென்னையில் கொளத்தூர் என்ற இடம் இருக்கிறது. அங்கே அலங்கார மீன் வளர்ப்பு பல குடும்பங்களின் பிழைப்பு. அங்கு வளரும் மீன்கள் பிற மாநிலங்களுக்கும் போகின்றன. தமிழ்நாட்டில் பல பெண்கள் சுய உதவிக் குழுக்களாகச் சேர்ந்தும் இத்தொழிலைச் செய்கிறார்கள். தொழிலாகச் செய்பவருக்கு ஒரு தொட்டி மீன் செத்தால் பல வாரக் கூலி போனது போல. புனேயில் யாராவது கப்பி வளர்த்து விற்க நினைத்தால், முதலில் இந்த டப்பாவை ஒரு தொட்டியில் ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும்.

மின்சாரம் நின்றால் என்ன செய்வது? ஒரு மணி, இரண்டு மணி நேரம் என்றால் பயமில்லை. அதற்கு மேல் போனால், குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இப்படிச் செய்தால் காற்று கலக்கும். அன்று இரை போட வேண்டாம். ஒரு நாள் பட்டினியால் மீன் சாகாது. அரை நாளுக்கு மேல் பம்ப் நின்றிருந்தால், டப்பாவுக்குள் தேங்கிய தண்ணீர் கெட்டிருக்கும். அதைத் தொட்டிக்குள் விடாமல், டப்பாவை வெளியே எடுத்துக் கொட்டுங்கள். பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் ஒருமுறை அலசி, திரும்ப வைத்து ஓட்டுங்கள்.